அரை டம்ளர்

கத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவள் கை ஒரு கணம் நின்று, பிறகுதான் மடிக்கும். முதலில் இரும்புச் சட்டம் இறங்கித் தாளை அமுக்கிப் பிடிக்கும். 'டம்' என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கத்தி, 'தடக்' என்று. அதற்கும் பின்னால் வெட்டிய தாள்களை மேசையில் தட்டி ஒழுங்கு செய்கிற சத்தம். அந்த மூன்றாவது சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். தட்டுகிறார் என்றால் விரல்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகையில்தான் பைண்டிங். நீளமான மேசையின் இரண்டு பக்கமும் மடிக்கிற பெண்கள், கோடியில் பசைச் சட்டி, எதிரே சுவரோரம் கட்டிங் மெஷின். அதில் நிற்பவர் அவள் வீட்டுக்காரர். நூல் பிடித்த மாதிரி வெட்டுவார் என்று யாரோ எப்போதோ சொன்னது ஒட்டிக்கொண்டு, அச்சகத்தில் அவர் 'நூல்' என்றே ஆகிவிட்டார். அவளுக்கும் ஒரு பட்டம் உண்டு. வாயில்லாப்பூச்சி என்று ஆரம்பித்தது, கூப்பிட நீளமாக இருக்கிறதென்று 'பூச்சி'யில் வந்து நின்றது.

அந்த மெஷினில் கத்தியை இறக்க இரண்டு பொத்தான்கள், கைக்கு ஒன்றாக. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி வரும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் கத்திக்கடியில் இருக்காது. மெஷினைச் செய்தவன் மனிதனை நம்பாமல்தான் செய்திருந்தான். ஆனால் வேலை ஓட வேண்டுமே. இடது பொத்தானின் இடுக்கில் ஒரு அட்டையை மடித்துச் செருகி, அது எப்போதும் அமுங்கியே கிடக்கும்படி நூல் செய்துவைத்திருந்தார். இடது கை தாளைப் பிடித்துக்கொள்ளும், வலது கை பொத்தானை அமுக்கும். ஃபோர்மேனுக்கும் இது தெரியும். வேலை சீக்கிரம் முடிவதால் கண்டும் காணாமல் இருந்தார். கை நிதானமாக இருந்த காலத்தில் அந்த அட்டையைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

இப்போது கை நிதானத்தில் இல்லை. காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போட அவரால் முடியாது. அவள் போட்டுவிடுவாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வரும், குளிக்கிற சத்தம் வராது. வெளியே வரும்போது விரல்கள் அடங்கியிருக்கும். வாயில் பெப்பர்மின்ட் மணக்கும். மதியம் வரை அது தாங்கும். மதியத்துக்கு மேல் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு ஒரு நடை போய்வந்தாக வேண்டும்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் அது நடந்தது. மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரம் சுருளும். தட்டி நேராக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏதோ ஒரு நோட்டீஸ் கட்டு. டம், தடக். தட்டுகிற சத்தமும் வந்தது. அவள் மூச்சு விட்டு அடுத்த தாளை எடுக்கும்போது ஃபோர்மேனின் குரல் கேட்டது.

"என்ன நூலு, கோணிக்கிச்சே."

அவர் ஒரு நோட்டீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "கடைசி வரி எங்க? பாதிய காணோம்."

"தாள் ஈரங்க. நழுவிடுச்சு."

"தாள் நழுவுச்சா, நீ நழுவுனியா?"

மேசையில் யாரோ சிரித்தார்கள். நூல் கோணல் தாள்களைத் திரட்டி ஒதுக்கினார்.

"திரும்ப அடிச்சுக் குடுத்துடலாம், அது பெரிய விஷயமில்ல. ஆனா உன் கைய நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மெஷின் பக்கம் வராத. விரல் போனப்புறம் உன் வீட்ல வந்து நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

பசைக்காரி அக்கா அவள் பக்கமாகக் குனிந்தாள். பசை கிளறுவதும் ஊர் வம்பைக் கிளறுவதும் அவளுக்கு ஒரே வேலைதான்.

"பூச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே. உன் வீட்டுக்காரரு பக்கத்துல போனா மிட்டாய்க் கடைக்குள்ள போன மாதிரி இருக்கு. காலங்காத்தால யாருடி இவ்வளவு மிட்டாய் தின்பாங்க?"

"தொண்டை சரியில்லக்கா."

"ரெண்டு வருஷமாவா?"

அவள் குனிந்து மடித்தாள்.

பாழான தாள்களைப் பசைக்கு அடியில் விரித்துக்கொள்வது வழக்கம். அன்று அந்தக் கோணல் நோட்டீஸ்களை விரித்தார்கள். வெட்டுகிறவருக்குத் தாள் என்றால் அளவுதான், அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். 'குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வாருங்கள். நாங்களும் குடித்தவர்கள்தான். பேர் சொல்ல வேண்டியதில்லை.' அதன் கீழே, இடமும் நேரமும் இருக்க வேண்டிய வரியில், எழுத்துகளின் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. கத்தி சரிவாக இறங்கியதில் கால்கள் போய்விட்டன.

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். தன்னைக் கூப்பிடுகிற தாளைத் தானே வெட்டி எறிந்திருக்கிறார் மனிதர்.

யார் கொடுத்த வேலை என்று ஃபோர்மேனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் உனக்கு எதற்கு என்பார். பெண்கள் கைகழுவப் போன நேரத்தில் மெஷினுக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் கையை விட்டாள். ஓரம் வெட்டி விழுந்த கீற்றுகள், கத்தை கத்தையாக. கறுப்புப் புள்ளிகள் ஓடிய ஒரு கீற்றை உருவிச் சாப்பாட்டு டப்பாவில் சுருட்டி வைத்தாள். எதையோ திருடியவள் போல டப்பாவை அழுத்தி மூடினாள்.

சாயங்காலம் அடுப்படியில் வைத்து எழுத்துகளின் தலையையும் காலையும் சேர்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். புருஷனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே சட்டைக் காலர் தைத்துக்கொடுப்பவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

"என்ன அண்ணி, ஆபீஸ் குப்பைய வீட்ல கொண்டாந்து ஒட்டுறீங்க?" என்றவள் படித்துவிட்டுக் குரலை இறக்கினாள். "அண்ணனுக்கா?"

"மெதுவா."

"அது வராது அண்ணி. பல்லு வலிக்கே ஆறு மாசம் டாக்டர்கிட்ட போகாத ஆளு."

"தெரிஞ்சவங்க யாராச்சும் அங்க இருந்து, ஃபோர்மேன் காதுக்குப் போயிட்டா? அதான் பயமா இருக்கு."

"இருந்தா அவங்களும் அங்க குடிய விட வந்தவங்கதானே. நான் உன்னைப் பாத்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. "முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன். எப்படிப்பட்ட எடம்னு."

"நீங்களா? கடையில உப்பு கேக்கவே என்னை அனுப்புற ஆளு."

ஆனால் போனாள்.

அது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படம் வரைகிற வகுப்பறை. சுவர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்த வீடுகளும் சிரிக்கிற சூரியன்களும். பெரியவர்கள் எல்லாரும் சின்னச் சின்ன நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அச்சக முகம் ஏதாவது இருக்கிறதா என்று வாசலில் நின்றே பார்த்தாள். இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, கெட்டிலும் டம்ளர்களுமாக வாசல் பக்கம் நின்ற மெலிந்த மனிதர் அவளைப் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. முதல் தடவையா?"

தலையாட்டினாள்.

"உங்களுக்குத்தானே? வீட்டுக்காரங்களுக்குன்னா வேற நாள், வேற ரூம். இன்னிக்கு இங்க குடிக்கிறவங்க மட்டும்தான். அதுக்காகக் கேட்டேன்."

இல்லை என்றால், யாருக்கு என்பார். யாருக்கு என்று சொன்னால், எங்கே வேலை என்பார். பேர் கேட்க மாட்டோம் என்று அச்சடித்திருந்தது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை. பயத்தில் தலை இன்னொரு முறை ஆடிவிட்டது. ஆடியதைத் திரும்பப் பெற முடியவில்லை.

"நல்லது. உக்காருங்க" என்று அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். அரை டம்ளர். அவளுக்கு முன்னால் வாங்கினவர் கையில் முழு டம்ளர் இருந்தது. புது ஆள் என்று குறைத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் நர்ஸ் உடுப்போடு ஒருத்தி, டியூட்டி முடிந்து நேராக வந்தவள் போல.

"அரைதான் குடுத்தாரேன்னு பாக்குறீங்களா?" என்று நர்ஸ் கிசுகிசுத்தாள். "புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் அரைதான். கை ஆடும்ல, கொட்டிட்டா அவமானமா இருக்கும்னு. எனக்கு முழு டம்ளர் கிடைச்ச அன்னிக்கு நான் அழுதுட்டேன்."

அவள் தன் டம்ளரைப் பார்த்தாள். டீ அசையாமல், கண்ணாடி போல நின்றது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கையை லேசாக ஆட்டினாள். பொய்யாக ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரே கெட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த டீக்காரர் ஒரு தரம் நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. லாரி ஓட்டுகிற ஒருவர், வீட்டில் தன்னைச் சேர்க்காமல் வண்டியிலேயே படுத்துக்கிடந்த காலத்தை, யாரோ அடுத்தவன் கதையைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசியில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"விருப்பம் இருந்தா பேசுங்க. இல்லைன்னா சும்மா இருங்க, தப்பில்ல" என்றார் டீக்காரர்.

சும்மா இருப்பதுதான் அவள் பிறந்ததிலிருந்து செய்துவந்தது. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"காலைல கை நடுங்கும்" என்றாள். "சட்டைப் பொத்தான் போட முடியாது. குளிக்கிற ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு..."

"எங்க வீட்லயும் குழாய்தான்" என்றார் லாரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள், கேலியாக இல்லாமல், சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டவர்கள் சிரிப்பது போல. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டுக்குள் மட்டும் நடக்கிற கொடுமை என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது இத்தனை வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரா?

"அப்புறம் மிட்டாய்" என்றாள். "வேலை செய்யற எடத்துல கத்தி இருக்கு. பெரிய கத்தி. அந்தக் கை அதுக்கடியில போகும், வரும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருமான்னு பயம். தூக்கத்துலயும் அந்தச் சத்தம்தான் கேக்குது." அது யாருடைய கை என்பது மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் நிஜம்.

கிளம்பும்போது நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "ஒண்ணு சொல்றேன். கை இந்த அளவுக்கு நடுங்குதுன்னா பட்டுனு நீங்களா நிறுத்திடாதீங்க. வலிப்பு வரும், உசுருக்கே ஆபத்தாயிடும். முதல்ல டாக்டரப் பாக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன். இங்க வர்றதும் வேணும், அதுவும் வேணும்."

இத்தனை நாளாக விடமாட்டாரா என்று பயந்தவளுக்கு, விட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் அவர் கேட்டார், எங்கே போயிருந்தாய் என்று. பொய் சொல்லத் தெரியாதவள் அன்றைக்குச் சொன்ன ஒரு பொய்யே போதும் என்று நிஜத்தைச் சொல்லிவிட்டாள். நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, தைக்காத காலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"குடிகாரங்க கூட்டத்துல போய், என் மானத்த வாங்கிட்டு வந்தியா?"

"உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எனக்குன்னு சொன்னேன்."

"எனக்குன்னா?"

"நான்தான் குடிக்கிறேன்னு நெனச்சாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். "இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துற அண்ணியா?"

அவரும் சிரிக்கப் போனார். உதடு வரைக்கும் வந்தது. பிறகு முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரும்வரை அவள் கதவைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள். வீட்டுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு உரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். குழாய் மட்டும் ஓடியது. காலையில் பொத்தான் போட்டுவிடும்போது கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்த்தார். அதுவும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டம் இருந்த நாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நூல் மதிய நடை போக வழியில்லாமல் ஃபோர்மேன் கொட்டகையிலேயே நின்றார், அவசர வேலை என்று. அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். டம், தடக். தட்டுகிற சத்தம். டம், தடக். தட்டுகிற சத்தம், கொஞ்சம் தாமதமாக. யாரோ கூப்பிட ஃபோர்மேன் முன்பக்கம் போனார்.

டம்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. பசைச் சட்டி சாய்ந்ததும் தெரியாது. அவர் மெஷின் மேல் கவிழ்ந்த மாதிரி நின்றிருந்தார், குரல் எழுப்பாமல். இரும்புச் சட்டம் இடது கையின் நடுவிரல் நுனியைப் பிடித்திருந்தது. வலியில் வலது கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டதால் கத்தி அப்படியே மேலே நின்றுவிட்டது. இன்னும் ஒரு நொடி அமுக்கியிருந்தால் என்ற நினைப்பை அவள் முடிக்கவில்லை. சட்டத்தைத் தூக்குகிற சக்கரத்தை அவரே சுற்றினார். விரலை உருவிக்கொண்டார். நகம் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அந்த அட்டைய எடு" என்றார். குரல் காற்றாக வந்தது.

"எது?"

"பொத்தான்ல இருக்கறத. எடுத்துரு. என் கையால வரல."

அவள் நகத்தால் நெம்பி எடுத்தாள். வருஷக்கணக்காக அமுங்கியிருந்த பொத்தான் மெல்ல மேலே எழும்பியது.

"என்னடி பூச்சி, பசையெல்லாம் கொட்டிட்டுக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று பசைக்காரி அக்கா கத்தினாள். கிட்டே வந்து பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள். தன் முந்தானையை நனைத்து விரலில் சுற்றிவிட்டு, ஃபோர்மேன் வருகிறாரா என்று முன்பக்கம் பார்த்துக்கொண்டு காவலுக்கு நின்றாள். அன்று முழுக்க ஒரு வம்பும் பேசவில்லை.

வேலை விட்டதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தவர் கேட்டார். "இன்னிக்குத்தானே உன் கூட்டம்?"

"ம்."

"மழையா இருக்கு. துணைக்கு வரேன். உனக்குத் துணைக்குத்தான்."

"சரிங்க."

"நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"பேச வேணாம்."

வகுப்பறை வாசலில் டீக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு அவரை. சட்டைப் பைக்குள் போயிருந்த கையைப் பார்த்தார். பெப்பர்மின்ட் அவருக்கும் அடித்திருக்கும்.

"வீட்டுக்காரரு. துணைக்கு" என்றாள் அவள்.

"வீட்டுக்காரங்களுக்கு வேற நாளாச்சே?" என்று உள்ளேயிருந்து லாரிக்காரர் கேட்டார்.

"மழை பெய்யுதுப்பா. இருக்கட்டும்" என்றார் டீக்காரர்.

லாரிக்காரர் எழுந்துவந்து நூலின் முதுகில் தட்டினார். "நல்ல மனுஷன்யா நீங்க. குடிக்கிற பொண்டாட்டியக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற ஆம்பளைய நான் இதுவரை பாத்ததில்ல. இந்தம்மா அன்னிக்குப் பேசுனத கேட்டு எங்களுக்கே கலங்கிடுச்சு. கைய நெனச்சு எவ்வளவு பயப்படுது தெரியுமா? வீட்ல பாத்துக்கங்க. திட்டாதீங்க."

"இல்லைங்க" என்றார் நூல்.

"அடிக்கிறதில்லையே?"

"இல்லைங்க."

"தங்கமான ஆளு" என்று லாரிக்காரர் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தச் சின்ன நாற்காலியில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கின பையன் போல உட்கார்ந்திருந்தார். கண் வாசலிலேயே இருந்தது. காலைக்குப் பிறகு அவர் ஒன்றும் குடிக்கவில்லை. எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுவார், போனால் நேரே எங்கே போவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

டீ வந்தது. டீக்காரர் முதலில் அவளுக்குக் கொடுத்தார். விளிம்பு வரைக்கும் முழு டம்ளர். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து அவள் வீட்டுக்காரருக்கு ஊற்றினார். அரை.

முதல் நாளே தெரிந்துவிட்டது டீக்காரருக்கு. கண்ணாடி போல நின்ற அந்த டீயைப் பார்த்த அன்றைக்கே. காது இரண்டும் அவளுக்குச் சூடாயின.

"எனக்கு மட்டும் ஏன் அரை?" என்று அவர் அவளிடம் கேட்டார், மெதுவாக.

அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டாள். "புதுசா குடிய விட வர்றவங்களுக்கு அரைதாங்க, கை ஆடும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் கையைப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அவர் கையில் அரை டம்ளர் டீ விளிம்புக்கும் விளிம்புக்கும் அலைந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை, அரையாக இருந்ததால். அவர் அதையே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. போகிறார்.

"இவ அன்னிக்கு ஒரு கை சொன்னா இல்லைங்களா" என்று அவர் குரல் கேட்டது. பக்கத்திலேயே கேட்டது. "அது இவ கை இல்லைங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சுற்றியிருந்த துணி நழுவி, கறுத்த நகம் வெளியே தெரிந்தது.

"இதுதான்" என்றார். "குழாயும் என்னுதுதான். எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. விட்டாலும் பயமா இருக்கு, விடலைன்னாலும் பயமா இருக்கு."

லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கை தட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "உக்காந்து பேசுங்க" என்றார் டீக்காரர். "டாக்டர்கிட்ட காலைல இந்த நர்ஸம்மா கூட்டிட்டுப் போவாங்க. இப்ப உக்காந்து பேசுங்க."

அவர் உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார். அப்போதுதான் தன் மடியில் சுடுவது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அசையாமல் நின்ற அவள் கை இப்போது ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. முழு டம்ளர் டீ விளிம்பு தாண்டிச் சேலையிலும் தரையிலும் சிந்திக்கொண்டிருந்தது.

டீக்காரர் வந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். அதில் கொஞ்சத்தைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, அரையாக்கித் திருப்பிக் கொடுத்தார்.